அரியாலைச் சூரனும் கிணற்றுத் தண்ணீரும்

போன கிழமை எங்கள் மீன்வளர்ப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ரெண்டு ஆபிரிக்கன் வாங்கித் தொட்டியிலை விட்டனான். விடியப் பாத்தால் ஒண்டுதான் நிக்குது. மற்றது எங்கை போயிருக்கும்?" அதற்குக் கீழே ஆளாளுக்கு வீடியோ இணைப்புகள் போட்டிருந்தார்கள். கடைசியில் யாரோ, "தயா அண்ணை சும்மாதானே கிடக்கிறார், அவரை எழுதச் சொல்லுங்கோ" என்று எழுதிவிட்டார்.

சும்மா கிடக்கச் சொன்னது வைத்தியர். இருபது வருடத்துக்கு மேல் வீடு வீடாகப் போய் மீன்தொட்டி கழுவி, வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கி, முள்ளந்தண்டில் ஒரு தட்டு விலகிவிட்டது. இனி வாளி தூக்கக் கூடாது என்றார். வாளி தூக்காத தொட்டிக்காரன் சில்லில்லாத சைக்கிள். ஆகவே ஐம்பத்தாறு வயதில் ஓய்வு. பிரியாவிடையும் இல்லை, பொன்னாடையும் இல்லை. இரண்டு வாளியையும் கழுவிக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்தேன். வைபவம் நிறைவுற்றது.

தம்பிக்குப் பதில்: மற்றது எங்கும் போகவில்லை. மிச்சமாக நிற்கிறாரே, அவரைத்தான் விசாரிக்க வேண்டும்.

ஆபிரிக்கன் என்று நாங்கள் சொல்லும் சிக்லிட் மீன்கள் மலாவி என்ற பெரிய ஏரியின் கல்லிடுக்குகளில் பிறந்த இனம். நிறத்தைப் பார்த்தால் திருவிழா மின்குமிழ்கள் மாதிரி இருக்கும். குணம் எங்கள் ஊர் வேலிச் சண்டைக்காரரின் குணம். ஒரு கல்லைப் பிடித்துவிட்டால் உறுதிப் பத்திரம் முடித்த சொந்தக் காணி மாதிரி. அந்தப் பக்கம் தலை காட்டிய மற்றவனைச் செதில் செதிலாக உரித்துவிடும். இரண்டு விட்டால் ஒன்று சாகும். நாலு விட்டால் மூன்று சாகும். இருபது விட்டுப் பாருங்கள், ஒன்றும் சாகாது. யாரைத் துரத்துவது என்று தெரியாமல் பெரியவனுக்கே களைத்துவிடும். புது மீன் விடுகிற அன்று தொட்டிக்குள் இருக்கும் கல் எல்லாவற்றையும் கலைத்து வேறு மாதிரி அடுக்க வேண்டும். அப்போது பழைய ஆட்களுக்கும் காணி பறிபோய்விடும். எல்லோரும் அகதி. அகதிகளுக்குள் சண்டை குறைவு.

இதையெல்லாம் எனக்குப் பழக்கியவர் கிரேஸ் மிஸ். மருதனார்மடம் சந்திக்குக் கிட்ட மீன் கடை வைத்திருந்தார். மெதடிஸ்த குடும்பம், கல்யாணம் கட்டவில்லை. முப்பது வருடம் விலங்கியல் படிப்பித்து ஓய்வெடுத்த பிறகு, பிள்ளைகள் இல்லாத வகுப்பறை வேண்டுமென்று கடை திறந்ததாகச் சொல்வார். அதற்கு முன் நான் வெளிநாட்டுக்குக் கதைக்க வருகிற சனத்துக்கு இணைப்பு எடுத்துக் கொடுக்கும் கடையில் இருந்தேன். ஊரில் எல்லோரின் கையிலும் போன் வந்ததும் அந்தக் கடைக்குப் பூட்டு விழுந்தது. மிஸ்ஸிடம் வேலை கேட்டுப் போனேன். "நீந்தத் தெரியுமோ?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "நல்லது, அப்ப தொட்டிக்குள்ளை பாய மாட்டீர்" என்று சேர்த்துக்கொண்டார். வேலை பழக ஒரு மாரிகாலம் போதுமாக இருந்தது. பயம் தெளியத்தான் இன்றுவரை காணாது.

மிஸ் காலையில் கடை திறந்ததும் தொட்டி தொட்டியாக நின்று, வகுப்பில் மாதிரி வரவு எடுப்பார். மீனுக்கு மீன் என்று சொல்ல மாட்டார், ஆள் என்பார். "இந்த ஆள் நேற்றுச் சாப்பிடேல்லை. அந்த ஆள் மூலைக்குள்ளை நிக்கிறார், ஏன்?" கடைசியில் என்னைப் பார்த்து, "தயாபரன்?" என்பார். நான் "வந்திட்டன் மிஸ்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அரை மணித்தியாலம் என்னோடு கதைக்க மாட்டார், வராத ஆளோடு என்ன கதை என்று.

மிஸ்ஸின் விதிகள் இவை: தொட்டிக்குள் விடுகிற கையில் சவர்க்காரம் இருக்கக் கூடாது, மழித்த முகத்தில் பூசுகிறதும் கூடாது. தண்ணீரைக் காற்பங்குக்கு மேல் ஒரேயடியாக மாற்றக் கூடாது. பில்டருக்குள் இருக்கும் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும். இவற்றுக்கெல்லாம் முதல் விதி ஒன்று: எந்த வீட்டுக்குப் போனாலும் தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டு, ஒரு தேத்தண்ணி குடித்து முடியும் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். "முதல் இரும், பிறகு கையை வையும்" என்பார். ஏதாவது பிழைத்துப்போய் நான் போன் எடுத்தால், என்ன நடந்தது என்று கேட்க மாட்டார். "இருந்தீரோ?" என்றுதான் கேட்பார்.

நான் இருந்திருக்க மாட்டேன். என் பிறவிக்குணம் பதற்றம். ஒரு மீன் வாயைத் திறந்தாலே எனக்கு நெஞ்சு இடிக்கும். மீன் வாயைத் திறக்காமல் எப்படி இருக்கும் என்பது பிறகுதான் நினைவு வரும். ஒருமுறை பண்டத்தரிப்பில் ஒரு வீட்டில் மஞ்சள் மீன் ஒன்று தொண்டை வீங்கி, சாப்பாட்டைக் கண்டாலும் திரும்பிக்கொண்டு நின்றது. புற்றுநோய் என்று முடிவு கட்டி, வீட்டுக்காரருக்கு ஆறுதலும் சொல்லி, அதைப் பையில் போட்டு மோட்டார்சைக்கிளில் கடைக்குப் பறந்தேன். மிஸ் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "அவ பிள்ளைத்தாச்சி" என்றார். இந்த இனம் முட்டையை வாய்க்குள் வைத்துத்தான் பொரிக்கும். அந்த வீட்டுக்குப் பலகாரத்தோடு திரும்பிப் போனேன்.

நான் போன வீடுகளில் அரைவாசிக்கு மேல், தொட்டி வாங்கியவர் அங்கே இருக்க மாட்டார். லண்டனிலோ கனடாவிலோ இருப்பார். தொட்டியும் தாய் தகப்பனும் இங்கே இருப்பார்கள். இரண்டையும் பார்த்துவரும் ஆள் நான். தண்ணீர் மாற்றக் கொஞ்ச நேரம் போதும், மிச்ச நேரம் கதை கேட்கத்தான். தேத்தண்ணியின் உருசியை வைத்து இது எந்த வீடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நான் வெளிக்கிடும்போது பலர் "வந்தனீர், அந்த பல்பையும் ஒருக்கால் பாரும்" என்பார்கள். பல்ப் நன்றாகத்தான் எரியும்.

அரியாலையில் பூமணி அன்ரி வீடு அப்படி ஒன்று. மகன் செந்தூரன் ரொறன்ரோவுக்குப் போகும்போது நாலடித் தொட்டியையும் பதினெட்டு ஆபிரிக்கனையும் தாயிடம் விட்டுப் போனான். அன்ரிக்கு மீன் என்றால் குழம்பு. ஆனால் நான் போகத் தொடங்கிய காலத்தில் ஒவ்வொன்றையும் குணத்தோடு அறிந்து வைத்திருந்தார். எல்லோரிலும் பெரியவன் நீலத்தில் கறுப்புப் பட்டி போட்டவன். சூரன்போரில் சூரனைத் தோளில் வைத்து ஆட்டுவார்களே, அப்படித் தலையை இரண்டு பக்கமும் வெட்டி வெட்டி வருவான். அதனால் அவனுக்குச் சூரன் என்று பேர். கண்ணாடியில் அன்ரி விரலை வைத்தால் விரலுக்கு நேரே வந்து நிற்பான். நான் வைத்தால் முட்டுவான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செந்தூரன் வீடியோவில் போன் எடுப்பான். சுகமோ, சாப்பிட்டாச்சோ என்ற இரண்டு கேள்வி முடிந்ததும், "சூரனைக் காட்டுங்கோ" என்பான். அன்ரி போனைத் தொட்டிக்குத் திருப்பிப் பிடிப்பார். அதற்குப் பிறகு கதை முழுக்கச் சூரன் இந்தக் கிழமை யாரைத் துரத்தினான் என்பதுதான். ஒருநாள் அன்ரி தேத்தண்ணிக் கோப்பையைத் தந்தபடி என்னிடம் சொன்னார்: "தம்பி, உதுகளுக்கு ஒண்டும் வராமல் பாரும். உதுகள் இல்லாட்டி அவன் என்னத்தைக் கேக்கிறது, நான் என்னத்தைச் சொல்லுறது?"

அதன்பிறகு அந்தத் தொட்டியைக் கழுவி முடித்தால், ஆட்களை இரண்டு தரம் எண்ணிவிட்டுத்தான் வெளிக்கிடுவேன்.

ஒரு சனிக்கிழமை, மிஸ் கடையில் இல்லாத நேரம், அன்ரி போன் எடுத்தார். இரண்டு ஆள் முடிந்துவிட்டதாம், மிச்சம் மேலே வந்து வாயைத் திறக்கிறதாம், சூரன் கல்லுக்குப் பின்னால் சரிந்து கிடக்கிறானாம். நான் செய்ததைக் கேளுங்கள். கடையில் இருந்த மருந்துப் போத்தல் எல்லாவற்றையும் வாளிக்குள் அள்ளிப் போட்டேன். அது போதாதென்று சூரனைப் போலவே நீலமும் பட்டியுமாக ஒருவனைப் பிடித்துப் பையில் கட்டினேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. சூரன் போனாலும் அன்ரியின் போனுக்கு முன்னால் ஒரு சூரன் நிற்கட்டும் என்பது என் திட்டம். தலைக்கவசம் போட மறந்து அரியாலை மட்டும் போனேன். பையை மட்டும் சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு அணைத்திருந்தேன், குளிர் படாமல்.

அன்ரி பையைப் பார்த்தார். கண்ணாடி கூடப் போடவில்லை.

"உவன் சூரன் இல்லை. கொண்டு போம் தம்பி."

தொட்டியைப் பார்த்தேன். நிறமெல்லாம் வெளிறி, செட்டையை உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றன. சூரனுக்கு முன்னால் ஒரு சின்ன மஞ்சள் பயமில்லாமல் கல்லைக் கொறித்துக்கொண்டிருந்தது. சூரனுக்கு முன்னால் இன்னொருவன் அப்படி நின்று தின்றதை அதற்கு முன் நான் கண்டதில்லை. மருந்துப் போத்தலைத் திறந்த கையோடு மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். நான் மூச்சு விடாமல் சொல்லி முடிக்கும் வரை கேட்டார்.

"இருந்தீரோ?"

"மிஸ், இதிலை எங்கை இருக்கிறது..."

"போத்திலை மூடும். கதிரையை இழும். இரும்." போன் வைக்கப்பட்டது.

இருந்தேன். அன்ரி வழமைபோல் தேத்தண்ணி கொண்டுவந்தார். ஒரு வாய் குடித்தேன். உவர்ப்பு. மேலே மெல்லிய ஆடை. இது எங்கள் சுண்ணாம்புக் கல் கிணறுகளின் தண்ணீர், கேத்திலுக்குள் வெள்ளைப் படை பிடிக்கிற தண்ணீர். ஆனால் இந்த வீட்டுத் தேத்தண்ணி அப்படி இருக்கக் கூடாதே. அயல் கிணறுகளில் தோட்டத்து உரம் கலந்துவிட்டது, குடிக்க வேண்டாம் என்று ஊரில் கதை அடிபட்ட நாளிலிருந்து அன்ரி கடையில் சுத்திகரித்த தண்ணீரைப் பெரிய பிளாஸ்டிக் கானில் வாங்குகிறவர். கான்கள் விறாந்தையில் வரிசையாக நின்றன. எல்லாம் வெறுங்கான்.

"அன்ரி, தேத்தண்ணி எந்தத் தண்ணியிலை போட்டனீங்கள்?"

"கிணத்துத் தண்ணிதான். ஏன், கூடாதோ?"

"அப்ப கான் தண்ணி?"

அன்ரி தொட்டியைக் காட்டினார். மூன்று கிழமையாக நான் போகாத நாட்களில் தானே ஒரு வாளி அள்ளி வெளியே ஊற்றிவிட்டு, வாங்கின தண்ணீரை விட்டிருக்கிறார். நல்ல தண்ணீர் இரண்டு பேருக்கும் காணாதாம்.

"எனக்கு வயித்துக்குள்ளை ஏதும் எண்டால் நான் வாய் திறந்து சொல்லுவன். உதுகள் ஆரிட்டைச் சொல்லும்?"

நான் சிரிக்கிற ஆள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. மலாவி ஏரியின் தண்ணீரும் எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் போலக் காரமும் சுண்ணாம்பும் கலந்தது. அந்த மீன் யாழ்ப்பாணத்தில் மருந்து மாயம் இல்லாமல் வாழ்வதற்கே காரணம் நாங்கள் திட்டிக்கொண்டு குடிக்கும் அந்தத் தண்ணீர்தான். சுத்திகரித்த தண்ணீரில் சுண்ணாம்பும் இல்லை, உப்பும் இல்லை. அன்ரி தன் வாயைக் கட்டி அதுகளுக்கு நல்லதைக் கொடுத்திருக்கிறார். அந்த நல்லதுதான் கொன்றுகொண்டிருந்தது.

இதை அவருக்கு எப்படிச் சொல்வது? நான் சொன்னது இது: "அன்ரி, உதுகள் எங்கடை ஊர் ஆக்கள். வெளிநாட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை."

கிணற்றடிக்கு ஓடி இரண்டு வாளி நிறைத்து வந்தேன். ஊற்றப் போகும்போது போன் அடித்தது. மிஸ். என் குணம் தெரிந்தவர். விசயத்தைச் சொன்னதும், "ஒரேயடியா ஊத்தினால் அதிலையும் சாவினம். சொட்டுச் சொட்டா விடும்" என்றார். மருந்துக்கடையில் சேலைன் ஏற்றும் குழாய் வாங்கிவந்தேன். வாளியை அலுமாரிக்கு மேல் ஏற்றி, குழாயின் ஒரு நுனியை வாளியிலும் மற்றதைத் தொட்டியிலும் விட்டேன். குழாயில் சின்னச் சில்லு ஒன்று இருக்கிறது, சொட்டைக் கூட்டவும் குறைக்கவும். என் கையில் தண்ணீர் ஒரேயடியாக நின்றது, இல்லையென்றால் வாய்க்கால் மாதிரி ஓடியது. அன்ரி என் கையைத் தட்டிவிட்டுப் பெருவிரலால் மெல்ல உருட்டினார். சொட்டு நிதானத்துக்கு வந்தது.

"ஆஸ்பத்திரியிலை பழகினது. செந்தூரன்ரை அப்பாவின்ரை கடைசி மாதம் முழுக்க நான்தானே பக்கத்திலை" என்றார்.

பொழுது படும்வரை இரண்டு பேரும் தொட்டிக்கு முன்னால் இருந்தோம். வாளி வெறிதாக நான் நிறைப்பேன், சொட்டு பிசகினால் அன்ரி திருத்துவார். விறாந்தையில் அங்கர் பால்மாப் பெட்டிக்குள் கிடந்த முருகைக்கற்களை, அதாவது பவளப்பாறைத் துண்டுகளை, கழுவித் தொட்டியின் மூலையில் அடுக்கினேன். அவையும் மெல்லக் கரைந்து சுண்ணாம்பு கொடுக்கும். அன்ரி ஒருமுறை, "நாளைக்கு அவன் எடுக்கேக்கை கரண்ட் இல்லையெண்டு சொல்லிவிடட்டோ?" என்று கேட்டார். போனுக்கு எதற்குக் கரண்ட் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை யாரும் கூப்பிடவில்லை. போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே செந்தூரனின் குரல் கேட்டது. அன்ரி போனைத் தொட்டிக்கு நேரே பிடித்திருந்தார். சூரன் கல்லுக்குப் பின்னாலிருந்து வந்தான். வெளிறித்தான் இருந்தான். மஞ்சள் சின்னவன் அவன் பக்கம் போனதும் தலையை ஒருமுறை வெட்டினான். மஞ்சள் ஓடியது.

"என்னம்மா சூரன் வெளிறிப்போனான்?"

"முழுகினவன்" என்றார் அன்ரி.

செந்தூரன் சிரித்தான். கதை வழமைபோல் போனது. முடிந்ததும் அன்ரி போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். அந்தக் கதை முழுக்க அவரின் முகம் ஒருமுறையும் போனுக்குள் வரவில்லை என்பதைக் கவனித்தேன். தொட்டிக்காரன் தொட்டியைத்தான் பார்க்க வேண்டும்.

சில வருடத்தில் செந்தூரன் தாயைக் கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்டான். வீடு வாடகைக்குப் போனது. மீன்களைக் கடை எடுத்துக்கொண்டது. சூரனை மட்டும் அன்ரி என் கையில் தந்தார். மிஸ்ஸும் இப்போது இல்லை. கடையில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள், வரவு எடுப்பதில்லை.

நான் பண்டத்தரிப்பில் தங்கச்சியின் வீட்டில் இருக்கிறேன். அவள் குடும்பத்தோடு பிரான்சில். ஆறு அறைக்கு ஒரு ஆள். துரத்த யாருமில்லாததால் காணிச் சண்டை இல்லை. எனக்கும் ஒருகாலத்தில் பெண் பார்த்தார்கள். மாப்பிள்ளை மீன் மணக்கிறார் என்றார்கள். எந்த மீன் என்று கேட்டதில் சம்பந்தம் முறிந்தது. சின்னத் தொட்டி ஒன்றில் சூரனைத் தனியே வைத்தேன். தனியே இருந்தால் அவன் யாரையும் கொல்ல முடியாது, அது ஒன்றுதான் அதில் நன்மை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அன்ரி போன் எடுப்பார். அங்கே சனிக்கிழமை இரவு. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருப்பார்கள், பேரப்பிள்ளைகள் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பார்கள். பதினோராம் மாடியில் யன்னலுக்குப் பக்கத்தில் அன்ரி; எனக்குப் போனில் தெரிவது யன்னல் மட்டும். "சுகமோ தம்பி? இடுப்பு எப்பிடி? சூரனைக் காட்டும்." காட்டுவேன். அவர் விரலை அங்கே போனில் வைப்பார். சூரன் இங்கே கண்ணாடிக்கு வருவான். எனக்குக் கிழமையில் வரும் அழைப்பு அது ஒன்றுதான், வட்டிக் கடைக்காரர்களின் விளம்பரத்தைத் தவிர.

பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன் சூரன் செத்துப்போனான். நோய் இல்லை, வயது. காலையில் கல்லுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தான். தோடை மரத்தடியில் சின்னக் கிடங்கு வெட்டித் தாட்டேன்.

பிறகு தொடங்கியது என் கூத்து. ஞாயிறு வருகிறது. இடுப்பில் பட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கடைகடையாக நின்று நீலம் சரியில்லை, பட்டி காணாது என்று பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரிக் கழித்துக்கொண்டு போனேன். மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்தேன், ஒரு மீனுக்காக. கடலையே தாண்டினவருக்கு இது ஒரு வேலையா என்று. அடுத்த கடையில் கிடைத்தான். அதே நீலம், அதே பட்டி. திரும்பும் பஸ்ஸில் பையைச் சட்டைக்குள் வைத்திருந்தேன். கண்டக்டர் என் சட்டையைப் பார்த்துவிட்டு, "அண்ணை, உங்களுக்குள்ளை ஏதோ நீந்துது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முகம் மழித்து, நல்ல சட்டை போட்டு இருந்தேன், எனக்கு ஏதோ பரீட்சை மாதிரி. போன் அடித்தது. சுகம் கேட்டார், இடுப்பைக் கேட்டார். சூரனைக் காட்டச் சொன்னார். போனைத் தொட்டிக்கு நேரே பிடித்தேன். புதியவன் கல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான்.

அன்ரிக்கு இந்த முறையும் கண்ணாடி தேவைப்படவில்லை.

"உவன் சூரன் இல்லை" என்றார்.

கொண்டு போம் என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"போனைத் திருப்பும் தம்பி. உம்மடை முகத்தைக் காட்டும்."

திருப்பினேன். நான் அழுகிறேனோ என்று பார்த்திருக்க வேண்டும். அங்கே அவரும் போனைத் தன் பக்கம் திருப்பியிருந்தார். மெலிந்துபோயிருந்தார்.

"உவனுக்கு என்ன பேர் வைச்சனீர்?"

இன்னும் வைக்கவில்லை என்றேன்.

"பேர் இல்லாமல் ஒரு ஆளை எப்பிடிக் கூப்பிடுறது? அடுத்த ஞாயிறுக்கிடையிலை ஒண்டு வையும்."

அன்றிலிருந்து தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். தேத்தண்ணியும் முடிந்துவிட்டது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. இன்னும் ஒரு பேரும் பொருந்தவில்லை.